ஒரு கரையுள்ள பள்ளத்தாக்கு

மகேந்திரராஜாவை நான் முதலில் பார்த்த காலையில் அவர் முகத்தின் வலது பாதியை மட்டும் மழித்திருந்தார். இடது கன்னத்தில் தாடி அப்படியே இருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று கண்ணாடி முன்னால் நின்று ரேசரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் வந்த சிலருக்கு இப்படி ஆகும். கண்ணில் பழுது இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை பொருட்படுத்துவதில்லை. எதையோ விட்டுவிட்டோம் என்ற எண்ணமும் அவர்களுக்கு வராது. கை விழுந்தவர் கை விழுந்தது என்று ஒப்புக்கொள்வார். இவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

"எனக்குக் கண் நல்லாத் தெரியுது அக்கா. டொக்டரே சொன்னவர்."

"டொக்டர் கண்ணைச் சொன்னவர். நான் தாடியைச் சொல்லுறன்," என்றேன்.

அது 2007. சிட்னியில், டூங்கபியில் இருந்த அவர் வீட்டுக்குக் காலை வேளைகளில் உதவ என்னைப் பராமரிப்பு நிறுவனம் அனுப்பியிருந்தது.

அவர் இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தவர். 1984இல் மெல்பேர்ணுக்கு வந்து, பாஸ் நீரிணையில் எண்ணெய் தேடும் கப்பல்களில் வேலை செய்தார். கப்பலேறிய தடவையெல்லாம் வாந்திதான் என்று மனைவி நாகேஸ்வரி சொல்வார். பிறகு சிட்னிக்கு மாறி, பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் மேசை வேலைக்குப் போனார். கப்பலிலிருந்து கடலடிக்கு ஒலியை அனுப்புவார்கள். திரும்பி வரும் எதிரொலியைத் தாளில் கோடுகளாக அச்சிடுவார்கள். கேக்கை வெட்டிப் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல நிலத்தின் அடுக்குகள் தெரியும். எது களிமண், எது மணல் என்று அதில் வரைந்து பிரிப்பது அவர் தொழில்.

கடைசி ஆண்டுகளில் அவரிடம் வந்தவை ஐரோப்பாவின் வட கடல் தாள்கள். அங்கே கடலுக்குள் காற்றாலைகள் நிறுத்தத் திட்டமிட்டிருந்தார்கள். பனியூழிக் காலத்தில் அந்தப் பகுதி பெரிய பனிப்பாளத்தின் கீழே கிடந்தது. பாளத்தின் அடியில் ஓடிய நீர் ஆழமான பள்ளத்தாக்குகளை அறுத்தது. பிறகு அவை சேறும் மணலுமாக நிரம்பின. மேலே கடல் வந்தது. இன்று கடலடியைப் பார்த்தால் தட்டையாகத்தான் இருக்கும். பள்ளத்தாக்கு இருப்பது தெரியாமல் தூணை இறக்கினால், பக்கத்துத் தூண் இறுகிய களியில் நிற்கும், இது இளகிய மண்ணில் நிற்கும்.

வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் பேச்சு. அவருடைய மேலாளர் கெவின் மறுக்கவில்லை. ஏற்கெனவே வேறொருவர் வரைந்து முடித்த இடத்தின், அடுக்குகள் குறிக்காத தாள்கள் சிலவற்றைக் கொடுத்து, வரைந்து காட்டச் சொன்னார். பொருந்தினால் பழைய இடம். பொருந்தாவிட்டால் மருத்துவக் காரணத்தில் ஓய்வு.

"ஓய்வு தந்தால் என்ன? குசினியில எனக்கு ஆள் வேணும்," என்றார் நாகேஸ்வரி.

"மரக்கறி வெட்டவோ?"

"வேண்டாம், வேண்டாம். நீங்கள் பாதிக் கரட்தான் வெட்டுவியள்."

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துச் சிவப்புப் பென்சிலால் தொடங்கினார். இடது கை மடியில் கிடந்தது. நான் எதிரே இருந்து அவருடைய மாத்திரைகளைப் பிரித்தேன். முதல் இரண்டு தாள்களையும் விறுவிறு என்று முடித்தார். மூன்றாவதில் கோடு தாளின் நடுவில், ஆழத்தில் தொடங்கி வலப்பக்கமாக மேலேறி நின்றது. பென்சிலை வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்கு ஒரு கரைதான் இருக்கு."

"மற்றதைக் கடல் கொண்டு போயிருக்கும்," என்றார் நாகேஸ்வரி.

"விசர்க்கதை கதையாதையும். ஒரு கரையோட பள்ளத்தாக்கு இல்லை. மற்றது இருக்கு. எனக்குத்தான் தெரியேல்லை."

நாகேஸ்வரி கையிலிருந்த துவாயோடு நின்றுவிட்டார். எத்தனையோ மாதமாக நானும் அவரும் மருத்துவர்களும் சொல்லி ஏறாதது அது.

மகேந்திரராஜா தாளைத் தலைகீழாகத் திருப்பினார். இடம் வலமானது. மற்றக் கரை தெளிவாக இறங்கியது. நீலப் பென்சிலால் அதை வரைந்தார். உடனே முதல் இரண்டு தாள்களையும் திருப்பினார். முதலாவதில் குறை இல்லை. இரண்டாவதில், வெறும் களி என்று விட்டிருந்த இடத்தில், ஒடுக்கமான பள்ளத்தாக்கு ஒன்று முழுசாகக் கிடந்தது. அதன் இரண்டு கரையும் இடப்பக்கத்தில். பாதி தெரிந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். ஒன்றுமே தெரியவில்லை. அதையும் நீலத்தில் வரைந்தார். மிச்சத் தாள்களை இரண்டு பக்கமும் பார்த்து முடித்தார்.

"நீலத்தை அழிச்சுச் சிவப்பாக் கீறிக் குடுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் நாகேஸ்வரி.

"அதுக்கு மேல தூண் நிக்கப்போகுது, நாகேஸ்."

"இது ஏற்கெனவே வரைஞ்ச இடம் எண்டுதானே சொன்னியள்?"

"அடுத்தது வரையாத இடம். ஒரு நாள் திருப்ப மறந்தால்?"

நாகேஸ்வரி என்னைப் பார்த்தார். நான் மாத்திரைப் பெட்டியை மூடினேன். புருஷன் பெண்சாதி வழக்கில் நான் தலையிடுவதில்லை.

கெவின் வந்தபோது இரண்டு நிறமும் தாளில் இருந்தன. சிவப்பு திருப்பாமல் பார்த்தது, நீலம் திருப்பிய பிறகு பார்த்தது, சிவப்பை வைத்து முடிவு செய்யுங்கள் என்று மகேந்திரராஜா ஆங்கிலத்தில் சொன்னார். கெவின் தம்மிடம் இருந்த விடையோடு ஒப்பிட்டார். சிவப்பு மட்டும் பொருந்தவில்லை; நீலத்தையும் சேர்த்தால் பொருந்தியது. தேநீரை ஆறவிட்டுவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார்.

அடுத்த கிழமை தொலைபேசியில் பதில் வந்தது. பழைய இடம் இல்லை. புதிய தாள்களை அவர் முதலில் வரையக்கூடாது. மற்றவர்கள் வரைந்ததை இரண்டு திசையிலும் வைத்துச் சரிபார்க்கலாம். வாரத்தில் இரண்டு நாள். அறிக்கையில் அவர் பெயர் வராது.

"பேரும் இல்லாமல் என்ன வேலை?" என்று நாகேஸ்வரி கொதித்தார். மகேந்திரராஜா ஓம் என்று சொல்லிவிட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று மறுநாள் நாகேஸ்வரி எனக்குச் சொன்னார்.

முதல் நாள் டூங்கபி நிலையம் வரை நானும் போனேன். அவருடைய இடப்பக்கமாக நடந்தேன்; தெருவைக் கடக்கும்போது அந்தப் பக்கத்துக் கார்களை நான் பார்க்க வேண்டும். ரெயில் வந்ததும் பையை வலத் தோளில் மாட்டிவிட்டேன்.

"பின்னேரம் வர வேண்டாம் அக்கா. நான் மெல்ல மெல்ல வந்திடுவன்."

"வருவன்," என்றேன். மாலையில் போய் நின்றேன்.