கையைக் காட்டு

லண்டனில் அந்த ஏல நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள், கிடங்குப் பொறுப்பாளரான அம்மையார் என் படிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கையைக் காட்டச் சொன்னார். மோதிரமோ நீண்ட நகமோ உரசிச் சிற்பங்களில் கீறல் விழுந்துவிடக் கூடாதாம். பொருளைத் தொடப்போகிறவர் யாராக இருந்தாலும் காலையில் முதல் வேலையாகக் கையைக் காட்டியாக வேண்டும். நீட்டினேன். கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கத் தாமதித்ததைப் பார்த்து, குளிர் என்று நினைத்துச் சிரித்தார். குளிரெல்லாம் ஒன்றும் இல்லை. சென்னைக்கு வெளியே கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்தில் என் அக்காவிடம் இதையே சொல்லித்தான் ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் திருப்பி அனுப்பினார்கள்.

எங்கள் ஊர் சுங்குவார்சத்திரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. அப்பா இறந்த பிறகு அக்காதான் எல்லாம். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தாள். அவள் சம்பளத்தில்தான் நான் சென்னையில் ஓவியக் கல்லூரிக்குப் போனேன். "செவுத்துல கிறுக்குனா அடிப்பாங்க, பேப்பர்ல கிறுக்குனா பட்டம் குடுப்பாங்களா? நல்லா கீதுடி உன் காலேஜு" என்று கிண்டலடிப்பாள். ஆனால் என் படங்களை அவள்தான் அறைச் சுவரெல்லாம் ஒட்டிவைத்தாள்.

அவள் நின்றது பிரஸ் மெஷினில். அதற்கு இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் அப்படி வேலை பார்த்தால் டார்கெட் முடியாது. அதனால் லைனில் எல்லோருமே இடது பட்டனைத் துணியால் அமுக்கிக் கட்டிவிட்டு, இடது கையால் தகட்டை வைத்து வலது கையால் அழுத்திக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் பார்ப்பார், பார்க்காத மாதிரிப் போவார். பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சோதிக்க ஆடிட் வரும் நாளில் மட்டும் அவரே வந்து துணியை அவிழ்க்கச் சொல்வார். அப்படி ஒரு ஆடிட் முடிந்து மறுபடி துணி கட்டிய அன்றுதான், அக்காவின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளை வேலைக்குச் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டரின் ஆள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "தோ பாரும்மா, வண்டி செயின்ல மாட்டிக்கிச்சினு டாக்டராண்ட சொல்லிடு. கம்பெனில நடந்துச்சினா எல்லாருக்கும் பிரச்சன. நீ சரியாயிட்டு வா, உன் வேலை உனக்குத்தான்." அக்கா என்னைப் பார்த்தாள். வேலை போனால் என் படிப்பும் போகும் என்று அந்தப் பார்வையில் இருந்தது. டாக்டரிடம் அப்படியே சொன்னாள். அவரும் எழுதிக்கொண்டார். எங்கள் வீட்டில் வண்டியே கிடையாது.

கட்டுப் பிரித்ததும் வேலைக்குப் போனாள். அவள் மெஷினில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். இடது பட்டனில் துணி கட்டியிருந்தது. நஷ்டஈடு கேட்டால், வண்டியில் அடிபட்டதற்குக் கம்பெனி என்ன செய்யும் என்றார்கள். பிறகு கேட் கேட்டாக அலைந்தாள். எங்கே போனாலும் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கையைக் காட்டச் சொன்னார்கள். பத்து விரலையும் விரித்துக் காட்ட வேண்டும். ஒருமுறை கையுறை விரல்களில் பஞ்சை அடைத்து மாட்டிக்கொண்டு போனாள். கழற்றச் சொன்னார்கள். வரிசையே சிரித்ததாம். "பஞ்சு வெரலுக்கும் வேலை இல்லியாம்டி" என்று வீட்டில் வந்து சொல்லி அவளும் சிரித்தாள். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கடைசியில் தண்டலத்தில் ஒரு கல்லூரி ஹாஸ்டலில் பாத்திரம் துலக்கப் போனாள். நான் படிப்பை முடித்தது அந்தக் காசில்தான். பிறகு எனக்கு உதவித்தொகை கிடைத்து, இந்தப் பயிற்சியும் கிடைத்தபோது, "சர்ச்சுல அறுப்பின் பண்டிகைக்குப் பூசணிக்காய ஏலம் வுடுவாங்களே, அதுக்கா லண்டன் போற?" என்று கேட்டாள்.

சேர்ந்த சில நாட்களில் பழைய சலவைக்கல் சிலை ஒன்று கிடங்குக்கு வந்தது. ஒரு பெண். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. விற்பனைக்கு முன் ஒவ்வொரு சேதத்தையும் பார்த்து எழுத வேண்டும் என்பதால் அம்மையார் டார்ச் அடித்துக் காட்டினார். "விரல்கள் இல்லை என்று எழுது. எப்படிப் போயின என்று தெரிந்தால் அதையும் எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. கதை கட்டாதே." பிறகு அதைப் பார்வைக்கு வைத்த நாளில், வாங்க வந்தவர்கள் ஒருவர்கூட அந்தக் கையைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. பார்த்துப் பார்த்து நின்றார்கள்.

அன்று அக்காவிடம் போனில் சொன்னேன்.

"ரெண்டு வெரல் இல்லாததுக்கு யாரும் திருப்பி அனுப்பலியா?"

"இல்லக்கா."

"எப்டிப் போச்சுனு இன்னா எழுதுன?"

"தெரியாதுன்னு."

பாத்திரத்தை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "கல்லுக்குப் பொய் சொல்ல வேணாம்ன்றாங்க. எனக்கு மட்டும் இல்லாத வண்டிய வாங்கிக் குடுத்தானுங்க பாரு."

மறுநாள் காலை வழக்கம்போல அம்மையார் கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். பத்து விரல்களையும் பார்த்துவிட்டு, "சரி, உள்ளே போ" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அக்கா அத்தனை கேட்டுகளிலும் நின்றாள்.