கூடையின் நாலாவது மூலை

அந்த மனிதர் ஏன் கையை விடவில்லை?

பள்ளிக்கூடத்தில் என்னிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. எங்கள் வீடு, ஆட்கள் ஏறிப் பறக்கிற பெரிய பலூன்களின் பட்டறைக்கு அடுத்த வீடு. அதனால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. கூடை தரையை விட்டுக் கிளம்பிய உடனே கையை விட்டிருந்தால் முழங்காலில் ஒரு சிராய்ப்போடு போயிருக்குமே, மற்ற மூன்று பேரும் அப்படித்தானே பிழைத்தார்கள் என்பார்கள். எனக்கு அப்போது பதில் தெரியாது. பதில் சொன்னவர் அவருடைய மனைவி. அவர் சொன்னதை எனக்கு வந்த மட்டில் எழுதுகிறேன்.

பட்டறையில் அவரைத் தையலக்கா என்று கூப்பிடுவார்கள். சூட்டில் நைந்துபோன பலூன் துணியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துணி வைத்துத் தைப்பது அவர் வேலை. ஒரு பலூனை விரித்தால் பட்டறைத் தரை போதாது, வாசல் வழியாகத் தெருவுக்கு வழியும். அந்தக் குவியலுக்கு நடுவில் இடுப்புவரை புதைந்து, தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். பலூனிலேயே வாழ்ந்தாலும் பலூனில் ஏறியதில்லை. மாடிப்படி ஏறினாலே தலை சுற்றும் ஆள்.

அவர் கணவருக்கு நங்கூரம் என்று பட்டப்பெயர். உடம்பைப் பார்த்து வைத்த பெயர். அவர் வாசலில் வந்து நின்றால் வீட்டுக்குள் விளக்கு போட வேண்டும். அந்த உடம்புக்கு ஏற்ற வேலைதான் பார்த்தார். கூடைக்கு மேலே கேஸ் பர்னர் எரிந்து பலூனுக்குள் சூடு ஏற ஏற அது மேலே இழுக்கும். அது முந்திக்கொண்டு கிளம்பிவிடாமல் இருக்க, பிரம்புக் கூடையின் நாலு மூலையிலும் நாலு பேர் பிடித்துக்கொண்டு தங்கள் எடையைத் தொங்கவிட வேண்டும். பலூன் ஓட்டுகிறவர் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு "கைய எடு!" என்று கத்துவார். நாலு பேரும் ஒன்றாகக் கையை எடுப்பார்கள். கூடை நேராகக் கிளம்பும்.

ஓட்டியது நங்கூரத்தின் சொந்தத் தம்பி. அண்ணன் தோளில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை. பட்டறையில் எல்லோருக்கும் கேப்டன்.

நங்கூரம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் யாரோ "டீ வந்தாச்சு!" என்றார்கள். மனிதர் டீ என்றால் உயிரை விடுவார். கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். அந்த மூலை குபீரென்று எழும்ப, கூடை சாய்ந்து, உள்ளே இருந்த பயணி ஒருவர் கேஸ் சிலிண்டரில் மோதி உதட்டைக் கிழித்துக்கொண்டார். தம்பிக்கு வந்த கோபத்தில் அண்ணன் என்றும் பார்க்கவில்லை.

"உனக்கெல்லாம் எதுக்குண்ணே இந்த வேலை? நான் சொல்ற வரைக்கும் கைய எடுக்காதே. இடியே விழுந்தாலும் எடுக்காதே!"

"சரிடா, விடுடா" என்று நங்கூரம் சிரித்தார். "இனிமே நீ சொல்லாம எடுத்தா என்னன்னு கேளு."

வீட்டுக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. தட்டில் போட்டது அப்படியே இருந்தது. "எல்லார் முன்னாடியும் கேட்டுட்டான்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மைதானத்தில் கடைசியாகக் கையை எடுப்பவர் நங்கூரம்தான். மற்ற மூன்று பேரும் எடுத்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு எடுப்பார். தம்பியைப் பார்த்து ஒரு கண் சிமிட்டுவார், பார்த்தியா என்பதுபோல.

பிறகு அந்தப் பலூன் விழா வந்தது. விடியற்காலையில், தம்பி குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ஒரு காற்று அடித்துப் பலூனைத் தூக்கியது. மூன்று பேர் கையை விட்டுவிட்டுப் புல்லில் விழுந்தார்கள். பர்னர் இரைச்சலில் தம்பிக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து வெளியே எட்டிப் பார்த்தபோது மரங்கள் கீழே போயிருந்தன. நாலாவது மூலையில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. தம்பி எட்டிப் பிடிப்பதற்குள் அவையும் இல்லை.

அந்தப் பலூனின் துணியைத் தையலக்காவே சரிசெய்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை. கூடையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மறுபடியும் அது பறக்க ஆரம்பித்தபோது அந்த மூலை கொஞ்சம் தாழ்ந்தே பறந்தது. கயிறுகளை மாற்றிப் பார்த்தார்கள். சிலிண்டர்களை இடம் மாற்றினார்கள். கடைசியில் எதிர் மூலையில் ஒரு கேன் தண்ணீர் வைத்தார்கள். அப்படியும் சாய்ந்தது. வந்த பயணிகள் ஏறிப் பார்த்துவிட்டு, வேறு கூடை இருக்கிறதா என்று கேட்டார்கள்.

பலூன் இறங்கும் இடத்துக்கு அதைத் துரத்திக்கொண்டு வேன் ஓட்டுகிற டிரைவர் ஒருவர் உண்டு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். ஒரு நாள் தையல் மேசைக்கு வந்து, "நங்கூரம் அண்ணன் இன்னும் எறங்கலக்கா. ஓசியிலேயே சுத்திட்டு இருக்காரு" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தையலக்கா சிரித்தார். "ஓசின்னா அவரு எறங்குவாரா?" என்றும் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து, பொழுது வெளுக்கிற நேரத்தில் உள்ளங்கை வலித்து விழிப்பு வர ஆரம்பித்தது. விரல்களை மடக்க முடியாது. எதையோ வெகுநேரம் இறுக்கிப் பிடித்திருந்த மாதிரி இருக்கும். நங்கூரத்துக்கு வலது தோளில் எப்போதும் ஒரு வலி உண்டு, தினமும் தைலம் தேய்த்துவிட்டவர் தையலக்கா. அந்தப் பாட்டில் தலைமாட்டிலேயே இருந்தது. தன் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். செத்துப் போனார் என்று அழுது முடித்தாயிற்று. தொங்கிக்கொண்டிருக்கிறார் என்றால் எப்படித் தூங்குவது? தோள் வலிக்குமே அந்த மனிதருக்கு.

அடுத்த விழாவுக்கு முன்னால் கொழுந்தன் பட்டறைக்கு வந்து தூணில் சாய்ந்து நின்றார். அந்தச் சாவுக்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் வேலைப் பேச்சு மட்டும்தான்.

"அண்ணி, இந்த விழாவோட அந்தக் கூடையை எடுத்துடறேன்."

"எடுத்துட்டு?"

"ஒடைச்சு அடுப்புல போட வேண்டியதுதான். யாரும் ஏற மாட்டேங்கறாங்க."

மெஷின் நின்றது. "அப்போ உங்கண்ணன் எங்க போவாரு?"

கொழுந்தன் தூணிலிருந்து நிமிர்ந்தார்.

"நானும் வரேன்" என்றார் தையலக்கா.

"எங்க?"

"மேல. அந்தக் கூடையிலதான்."

"ஸ்டூல் மேல ஏறி பல்பு மாட்ட மாட்டீங்க நீங்க!"

"உங்கண்ணன் ஏறல? அவரவிட நான் கனமா?"



விழா மைதானத்தில் இன்னும் இருட்டு முழுவதும் போகவில்லை. புல் ஈரத்தில் பலூன்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. பெரிய ஃபேன்கள் அவற்றுக்குள் காற்றைத் தள்ளின. பர்னர் எரியும்போதெல்லாம் துணி உள்ளிருந்து வெளிச்சமாகி, பக்கத்தில் நின்றவர்களின் முகங்கள் ஒரு நொடி தெரிந்து மறைந்தன. அந்த ஒவ்வொரு நொடியிலும் தையலக்கா அந்தப் பெரிய உடம்பைத் தேடினார். தேடுகிறோம் என்பது அவருக்கே பிறகுதான் உறைத்தது.

டிரைவர் கைகொடுத்துக் கூடைக்குள் ஏற்றிவிட்டார். "வாந்தி வந்தா வெளிய எடுங்கக்கா. கீழ நான்தான் வருவேன், அதனால கொஞ்சம் பார்த்து" என்றார்.

பலூன் நிமிர்ந்தது. ஆட்கள் வந்து கூடையைப் பிடித்தார்கள். மூன்று மூலைகளில் மூன்று பேர் நின்றார்கள். நாலாவது மூலைக்கு யாரும் வரவில்லை. அங்கே இருந்த தோல் பிடி கறுத்து, நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது. யாரும் அதைத் தொடுவதில்லை போலிருக்கிறது. ஆனால் மூன்று பேர் பிடித்த கூடை நாலு பேர் பிடித்ததுபோல் அசையாமல் நின்றது.

கொழுந்தன் சட்டைப்பையிலிருந்து ஒரு விசிலை எடுத்து ஊதினார். மூன்று பேரும் கையை எடுத்தார்கள். தரை ஓசையில்லாமல் கீழே நழுவியது.

தலை சுற்றும் என்று தையலக்கா பயந்திருந்தார். சுற்றவில்லை. காற்றோடு காற்றாகப் போவதால் முகத்தில் காற்றே படவில்லை. பர்னரை அணைத்ததும் அப்படி ஓர் அமைதி. கீழே எங்கோ ஒரு கதவு திறக்கிற சத்தமும் நாய் குரைப்பதும் பக்கத்தில் கேட்பதுபோல் கேட்டன. அந்த அமைதியில் இன்னொன்றும் கேட்டது. நாலாவது மூலையில் பிரம்பு மெல்ல முனகியது. ஒரு கனமான ஆள் கை மாற்றிப் பிடிப்பதுபோல, நின்று நின்று.

"விசில் எதுக்கு?" என்று கேட்டார் தையலக்கா. "முன்னெல்லாம் கத்துவியே."

"தொண்டை சரியில்ல அண்ணி."

"அன்னிலேர்ந்தா?"

கொழுந்தன் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நான் அந்த வார்த்தையைச் சொல்லல. அதுக்கப்புறம் சொல்ல வாய் வரல."

தையலக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. நங்கூரம் ஏன் கையை விடவில்லை என்பதும், இப்போதும் ஏன் விடவில்லை என்பதும்.

"தம்பி, அவருக்கு விசில் தெரியாதே" என்றார். "நீ வாயால சொன்னாத்தான அவரு எடுப்பாரு? டீக்காகக் கைய எடுத்த அன்னிக்கு நீதான சொன்ன, இடி விழுந்தாலும் எடுக்காதேன்னு?"

தையலக்கா குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் கொழுந்தனைக் குத்தியது, அது அவருக்கும் தெரிந்தது. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில் சூரியன் பின்னால் எழும்பியது. முன்னால் ஒரு கிடங்கின் நீண்ட வெள்ளைச் சுவரில் பலூனின் நிழல் விழுந்தது. உருண்டைக்குக் கீழே சின்னதாகக் கூடை. கூடையின் ஒரு மூலைக்குக் கீழே இன்னும் ஏதோ ஒன்று, நீளமாக, கனமாக.

"கயிறா அது?" என்று கேட்டார் தையலக்கா.

"கயிறெல்லாம் உள்ளதான் இருக்கு" என்றார் கொழுந்தன். நாலாவது மூலைக்குத் திரும்பினார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு வாயைத் திறந்தார்.

தையலக்கா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"இங்க வேணாம்டா! இவ்வளவு ஒசரத்துல சொல்லாதே! மறுபடியும் விழணுமா அவரு?"

பிரம்பு முனகியது.

"கீழ எறக்கு" என்றார் தையலக்கா. "மெதுவா எறக்கு. அவருக்குக் காலு எட்டணும்."

கொழுந்தன் தன் வாழ்நாளில் அப்படி ஒரு பலூனை இறக்கியதில்லை. அறுவடை முடிந்த வெற்று நிலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பர்னரைத் தொட்டும் விட்டும், தூங்குகிற குழந்தையைக் கீழே கிடத்துவதுபோலக் கொண்டுவந்தார். தையலக்கா நாலாவது மூலையில் நின்று, அந்தத் தோல் பிடியைப் பார்த்தபடி, "அவ்வளவுதாங்க, வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளங்கை நெருப்பாக எரிந்தது. சொல்லச் சொல்ல, இது முடிந்தால் பிறகு எதுவும் மிச்சம் இருக்காது என்ற எண்ணமும் வந்தது. கொழுந்தனைத் தடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதாக என்னிடம் சொன்னார். தோள் வலி நினைவுக்கு வந்து, தடுக்கவில்லை.

வேனிலிருந்து குதித்து டிரைவரும் கூட வந்த இரண்டு ஆட்களும் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். கூடை மண்ணைத் தொட்டது. தாழ்ந்திருந்த மூலைதான் முதலில் தொட்டது.

"இப்போ" என்றார் தையலக்கா.

"கைய எடுண்ணே!" என்று கத்தினார் கொழுந்தன். இத்தனை காலம் உள்ளே கிடந்த அந்தக் குரலில் தூரத்து மரத்திலிருந்து பறவைகள் கிளம்பின. "கைய எடு! நான் சொல்றேன், எடுத்துடுண்ணே!"

பர்னரை யாரும் தொடவில்லை. கூடை மெல்லத் தரையை விட்டு எழும்பியது. ஒரு முழ உயரம் இருக்கும். பிறகு மறுபடியும் வந்து உட்கார்ந்தது, தட்டையாக, எந்தப் பக்கமும் சாயாமல்.

டிரைவர் இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை. "பழக்க தோஷம்மா! அந்த வார்த்தையைக் கேட்டதும் நாங்க மூணு பேரும் கைய எடுத்துட்டோம். அதான் ஏறிச்சு. பேயும் இல்ல, பிசாசும் இல்ல" என்பார். ஆனால் பகலில்தான் சொல்வார்.

தையலக்கா மறுத்துப் பேசுவதில்லை. மூன்று பேர் கையை எடுத்தது உண்மைதான். ஆனால் முதலில் எழும்பியது யாரும் பிடிக்காத மூலை. அவர் அங்கேதான் நின்றிருந்தார்.

கூடையை உடைக்கவில்லை. எதிர் மூலையில் இருந்த தண்ணீர் கேனை எடுத்துவிட்டார்கள். கேப்டன் விசிலைத் தூக்கிப் போட்டுவிட்டார், இப்போது தொண்டை கிழியக் கத்துகிறார். தையலக்காவுக்கு உள்ளங்கை வலிப்பதில்லை. ஆனாலும் வெளுக்கிற நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறதாம். கையை விரித்துப் பார்ப்பாராம். வலிக்காதா என்று கொஞ்சநேரம் காத்திருப்பாராம். தைலப் பாட்டில் இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கயிற்றையோ கூடையையோ எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிற வேலையில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். கால் தரையை விட்டுவிட்டால் யார் வார்த்தைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர் யாராவது தெரிந்தாலும் சொல்லுங்கள். இன்னும் எத்தனை பேர் காத்துக்கொண்டிருக்கிறார்களோ, நமக்குத் தெரியாது.