பதினான்கு புள்ளியும் ஒரு லண்டன் பரிசும்

மற்றவர்கள் பயணம் போனால் ஊர்களைப் பார்ப்பார்கள். நான் போனால் எனக்கு மூளை எவ்வளவு குறைவு என்பதைப் பார்த்துவிட்டு வருவேன். இந்தமுறை அதை ஜெர்மன் பொலிசுக்கும் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

2005 ஓகஸ்ட், ஒரு சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து தனியே காரில் புறப்பட்டேன். வுப்பர்டாலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பயணம். அக்காவுக்குத் தேயிலையும் ஒரு சேலையும் வாங்கியாயிற்று. அத்தானுக்கு என்ன வாங்குவது? லண்டனில் இருந்து போகிறவன் வெறுங்கையோடு படியேறினால் அது பரம்பரைக்கே இழுக்கு. அத்தான் மருந்துக் கடைகளுக்கு மருந்து கொண்டுபோகும் வான் ஓட்டுகிறவர். வேகத்துக்கு அடிக்கடி பிடிபடுகிறார் என்று அக்கா தொலைபேசியில் புலம்பியது ஞாபகம் வந்தது. நூற்றைம்பது பவுணுக்கு ஒரு ரேடார் காட்டும் கருவி வாங்கினேன். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து வயரைச் செருகிவிட்டால், வேகம் பிடிக்கும் ரேடார் எங்காவது இருந்தால் முன்கூட்டியே கீச்சிட்டுச் சொல்லும். லண்டனில் கடையிலேயே வைத்து விற்கிறார்கள், தடையில்லை. பொலிசின் லேசர் கதிரையே குழப்பிவிடும் இன்னொரு கருவியையும் கடைக்காரன் காட்டினான். விலையைக் கேட்டதும் எனக்கு நேர்மை வந்துவிட்டது.

டோவரில் கப்பல் ஏறி, கலேயில் இறங்கி, பிரான்சையும் பெல்ஜியத்தையும் அந்தப் பெட்டியைக் கண்ணாடியில் ஒட்டியபடியே கடந்தேன். அந்த இரண்டு நாடுகளிலும் அது குற்றம் என்று பிறகுதான் தெரிந்தது. மாலை மூன்று மணிக்கு ஆஹென் எல்லை. எல்லை என்று ஒரு நீலப் பலகைதான் நின்றது. அத்தான் இதே எல்லையை ஒருகாலத்தில் அகதியாக லொறிக்குள் ஒளிந்து மூச்சை அடக்கிக்கொண்டு கடந்தவர். நான் பாட்டுக் கேட்டுக்கொண்டு கடந்தேன். அங்கிருந்து நூற்றுப்பத்துக் கிலோமீற்றர் வுப்பர்டால்.

கருவியை அதன் அட்டைப்பெட்டிக்குள் திரும்ப வைத்து அத்தானிடம் நீட்டினேன். திறந்தார். பார்த்தார். மூடினார்.

“தம்பி, உது இஞ்ச தடை. கார்ல மாட்டி வைச்சிருந்தாலே காணும். எழுபத்தைஞ்சு யூரோ தண்டமும் நாலு புள்ளியும். என்னட்டை ஏற்கெனவே பதினாலு கிடக்குது.”

ஜெர்மனியில் வீதிக் குற்றங்களுக்குப் புள்ளி போடுகிறார்கள். வடக்கே பிளென்ஸ்பூர்க் என்ற ஊரில் ஒவ்வொருவர் பெயரிலும் அது சேர்ந்துகொண்டே போகும். பதினெட்டு ஆனால் லைசன்ஸ் இல்லை. அத்தானுக்கு லைசன்ஸ் இல்லை என்றால் வேலையும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பதினான்கு எடுத்தவன். எனக்கு அது பயப்படும்படியான எண்ணாகப் படவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டுக்கு என் காரில் மியூனிக் புறப்பட்டோம். ஏறக்குறைய அறுநூறு கிலோமீற்றர். அங்கே ஒரு நண்பனைப் பார்ப்பதும், வேக எல்லை இல்லாத வீதியில் ஒருமுறையாவது போவதும் என் ஆசை. அத்தான் எனக்காக இரண்டு நாள் லீவு எடுத்திருந்தார். என்னை ஓட்டவிட்டால் பழக்கத்தில் எதிர்ப்பக்கம் ஏறிவிடுவேன் என்று தானே சாவியை வாங்கிக்கொண்டார். லண்டன் கார் என்பதால் அவர் வலப்பக்கம் இருந்து ஓட்ட, ஜெர்மன்காரன் ஸ்டியரிங்கைத் தேடும் இடத்தில் நான் சும்மா இருந்தேன்.

வானொலியில் பாட்டுக்கு நடுவே ஒரு பெண், எந்த வீதியில் எந்த இடத்தில் கமெரா நிற்கிறது என்று இனிமையாக வாசித்தாள். இதற்குத் தடையில்லையா என்று கேட்டேன்.

“அது எல்லாருக்கும் சொல்லுது. நீ கொண்டுவந்தது உனக்கு மட்டும் சொல்லுது.”

அப்போதாவது நான் திருந்தியிருக்கலாம். லிம்பூர்க்குக்குப் பக்கத்தில் கோப்பிக்கு நிறுத்தினோம். ஒரு கோப்பி இரண்டு யூரோ இருபது சதம். அத்தான் வாங்கப் போன நேரத்தில், அவருடைய பதினான்கு பதினைந்தாகிவிடக்கூடாது என்ற அக்கறையில், என் பையில் கிடந்த பெட்டியை எடுத்து என் பக்கத்து வெயில் மறைப்புக்குப் பின்னால் செருகி வயரை மாட்டினேன். திரும்பி வந்து வயர் என்னவென்று கேட்டார். போன் சார்ஜர் என்றேன்.

வூர்ஸ்பூர்க்குக்கு முன்னால் வீதி வேலை. எண்பது என்று பலகை. முள் எழுபத்தெட்டில் நின்றது. நானே பார்த்தேன். அப்படியிருந்தும் ஒரு பொலிஸ்காரர் கையில் இருந்த தடியை ஆட்டி எங்களை ஓய்விடத்துக்குள் திருப்பினார். வெறும் சோதனைதான். நேரே என் ஜன்னலுக்கு வந்து லைசன்ஸ் கேட்டார். நான் வலப்பக்கம் கையைக் காட்டினேன். அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். ஓய்விடத்தின் மறுகோடியில் ஒரு வான் வீதியைப் பார்த்து ரேடாரோடு நின்றிருக்கிறது. எங்களுக்கு முன்பே அதைக் கண்டுபிடித்தது என் பெட்டி.

அது கீச்சிட்டது. நான் இருமினேன். மறுபடி கீச்சிட்டது. மறுபடி இருமினேன். சுகமில்லையா என்று பொலிஸ்காரர் ஆங்கிலத்தில் அக்கறையாக விசாரித்தார். பதில் சொல்ல வாயைத் திறந்த இடைவெளியில் அது மூன்றாம்முறை தெளிவாகக் கூவியது. அவர் கையை நீட்டி வெயில் மறைப்பைக் கீழே இறக்கினார்.

அத்தான் பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன். பெட்டி என்னுடையது, கார் என்னுடையது, இவருக்கு ஒன்றும் தெரியாது, என் பெயரில் எழுதுங்கள் என்றேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், ஓட்டியது யார் என்று மட்டும் கேட்டார். சட்டம் தடுப்பது ஓட்டுகிறவரையாம். அத்தான் வகுப்பில் பிள்ளை தூக்குவதுபோல் கையைத் தூக்கினார். பதினான்கும் நான்கும் பதினெட்டு, அந்தக் கணக்கு எனக்கே வந்தது. பெட்டி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போனது. அதை உடைத்து அழித்துவிடுவார்களாம். நல்ல பயணமாக அமையட்டும் என்று வாழ்த்தித்தான் அனுப்பினார்கள்.

அடுத்த வெளிவாயிலில் அத்தான் காரைத் திருப்பினார். மியூனிக் பயணம் அங்கேயே முடிந்தது. முந்நூறு கிலோமீற்றரும் லொறிகளுக்குப் பின்னாலேயே வந்தார். வேக எல்லை இல்லாத வீதியைப் பார்க்க ஆசைப்பட்டவன், நன்றாகப் பார்த்தேன். ஒவ்வொரு மரமாகப் பார்க்கலாம்.

வீட்டில் என் இருமலை நடித்துக் காட்டி அக்காவைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அக்கா சேலையை மடித்து, வந்த பைக்குள்ளேயே வைத்தார்.

“பத்து வருஷம் கோப்பை கழுவினாப் பிறகுதான் அந்த மனுசன் லைசன்ஸ் எடுத்தது. உனக்குப் பகிடி.”

சட்டத்தரணியைப் பிடித்து மறுத்து எழுதலாம், செலவு என்னுடையது என்றேன். தன்னுடைய கையில் இருக்கும் வண்டிக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாதவன் சாரதியா என்று நீதிமன்றத்தில் கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது என்று அத்தான் அமைதியாகக் கேட்டார். நான் இருமினேன்.

புதன் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டேன். இந்தப் பெட்டியை லண்டனில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு முன்னாலேயே ஓடலாம். கடலைத் தாண்டினால் அதே பெட்டி ஒரு மனிதனின் சோற்றில் கைவைக்கிறது. சட்டம் கெட்டதென்று திட்டிப் பார்த்தேன், ஆறுதலாக இருக்கவில்லை. அது என்னிடம் ஒன்றையும் ஒளிக்கவில்லை. சனிக்கிழமையே அத்தான் வாயால் சொல்லிவிட்டது. இதில் தண்டனை கிடைக்காத ஒரே ஆள் நான்தான். ஐந்தாம் நாள் என் இங்கிலாந்து லைசன்ஸ் ஒரு கீறலும் இல்லாமல் வீடு போகிறது.

அத்தான் கீழே இறங்கி வந்து கார்க் கதவைச் சாத்திவிட்டார். மரியாதை தவறாத மனிதர். ஏதாவது சொல்லவேண்டுமே என்ற தவிப்பில், லண்டன்காரன் எப்போதும் கேட்பதையே நானும் கேட்டேன்.

“அடுத்தமுறை வரேக்க உங்களுக்கு என்ன கொண்டுவாறது, அத்தான்?”

“நடக்கிறதுக்கு ஒரு சோடி சப்பாத்து.”