திரையில் ஏறிய பாட்டு

எங்கள் திண்டுக்கல் கிறிஸ்தவ சபையில் பாட்டுகளைப் பூப்படத்தின் மேல் எழுத்தாகத் திரையில் காட்டும் ஏற்பாடு என்னுடையது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு அதிகம். அதுவரை ஆராதனை நடத்தும் உபதேசியார் ஒவ்வோர் அடியாகச் சொல்ல, சபை பாடும். "இனி அது வேணாம் ஐயா, நேரம் வீணாகுது" என்று நான்தான் நிறுத்தினேன்.

சில வாரங்களில், எப்போதும் உரக்கப் பாடும் அம்மா வாய்மூடி நிற்பதைப் பார்த்தேன்.

"ஏம்மா பாடல?"

"எழுத்து தெரிஞ்சவுக பாடுங்க தாயி. எனக்கு அந்தப் பூப்படத்தைப் பாத்தாப் போதும்" என்று சிரித்தாள்.

அடுத்த பாட்டை அவள் காதில் அடியடியாகச் சொன்னேன். பாடினாள். பின்வரிசையில் அவளைப் போலவே நின்ற பெண்கள் எங்களையே பார்த்தார்கள். என் படிப்பு இத்தனை பேர் வாயை அடைத்திருந்தது.

உபதேசியாரிடம் மன்னிப்புக் கேட்டு, பழையபடி அடி சொல்லும்படி வேண்டினேன். மறுவாரம் அவர் அடி சொன்னபோது அம்மா உரக்கப் பாடினாள். திரையைப் பார்க்காமல் நானும் அவளோடு சேர்ந்து பாடினேன்.