பசி என்று கேட்ட வாய்

எனக்கு வாய் நீளம் என்பது அச்சரப்பாக்கத்து உறவு முழுக்கத் தெரிந்த விஷயம். அந்த வாயை நான் மூடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு தடவைதான். தொண்ணூறுகளில், மூத்த மகனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தபோது. வயிற்றைக் காயப்போடு, தானாக இறங்கும் என்றார்கள் பெரியவர்கள். வெறும் வெந்நீர் கொடுத்தோம். இரண்டாம் நாள் காலையில் அவன் எழுந்திருக்கவில்லை.

அப்போது கணவரின் வேலைக்காகக் கல்பாக்கம் குடியிருப்பில் இருந்தோம். அணு உலைக் காற்றுதான் பிள்ளையை அடித்துவிட்டது என்று உறவில் பேசிக்கொண்டார்கள். நானும் பாதி நம்பினேன்.

பிறகு மகள் பிறந்தாள். இரண்டு வயதில் ஒரு வாந்திபேதியில் அவளும் துவண்டு விழுந்தாள். செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா சர்க்கரை அளவைப் பார்த்த கையோடு குளுக்கோஸ் ஏற்றினார். கண் திறந்தாள். அவள் ரத்தத்தைக் காகிதத்தில் சொட்டு விட்டு, உலர்த்தி, வெளியூருக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

"பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எரித்துச் சமாளிக்கும். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் அதை எரிக்கிற ஒரு நொதி இவளுக்குச் சரியாக இல்லை" என்றார் டாக்டரம்மா. விறகு அடுக்கியிருந்தும் அடுப்புப் பற்றாத வீடு மாதிரி. அந்த நொதிக்கான மரபணு எல்லோருக்கும் இரண்டு பிரதி. எனக்கும் கணவருக்கும் ஒன்று நல்லது, ஒன்று பழுது. அதனால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு இரண்டு பழுதும் சேர்ந்துவிட்டன. நான் கட்டிக்கொண்டது அத்தை மகனை. சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று கட்டிவைத்தவர்கள்தான் இத்தனை நாளும் அணு உலையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்! அன்று நான் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

பெரிய மருந்து ஏதும் இல்லை. பசியில் விடக் கூடாது. காய்ச்சலென்றால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது வயிற்றில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. இதை மகளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்வித்தேன்.

எட்டு வயதில் விடுமுறைக்கு அச்சரப்பாக்கம் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனாருக்கும் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினேன். மறுநாளே அவளிடமிருந்து போன்.

"இன்னா வாய்டி உன் பொண்ணுக்கு! லேசா காய்ச்ச அடிச்சுது. ஒருவேள சோறு வேணாம்னேன். தெருவே கேக்கற மாதிரி கத்தறா. 'அத்த, பசில வுட்டா செத்துடுவேன். எங்க அண்ணன் அப்டித்தான் செத்தான். அவனுக்குக் கேக்கத் தெர்ல, எனக்குத் தெரியும்'ன்றா. அவளே சக்கர டப்பாவ எடுத்துக் கரைச்சிக் குடிச்சிட்டா. என் மானமே பூட்ச்சு."

"இப்ப இன்னா பண்றா?"

"ரெண்டாந்தட்டு இட்லி துன்னுகினு கீறா."

மகளைப் பார்த்துக்கொள்ள உடனே கணவரை பஸ் ஏற்றி அனுப்பினேன். பிறகு உட்கார்ந்து மகனுக்காக அழுதேன். அழுது முடித்ததும் பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நோயில் பாதிதான் நான் கொடுத்தது. அந்த வாய் முழுக்க நான் கொடுத்தது.