ஜன்னலை மறித்த குழாய்

பிப்ரவரி இரண்டாம் தேதி, கந்தெலாரியா பண்டிகையன்று காலையில், அன்செல்மோ வீட்டைவிட்டுக் கிளம்பினான். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் ரொட்டியை வெட்டியபோது, உள்ளே ஒளித்துச் சுட்ட பொம்மை அவன் துண்டில்தான் வந்தது. பொம்மை கிடைத்தவன்தான் கந்தெலாரியாவன்று வீட்டுக்குத் தமால் வாங்கித்தர வேண்டும் என்பது முறை. அவனோ எல்லை தாண்டி சிக்காகோவுக்குப் போகிற கும்பலோடு சேர, எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் அம்மா எலோதியா தானே சோள மாவு பிசைந்து, பச்சை மிளகாய்ச் சாறு வைத்து, சோள மடலில் சுற்றி அவித்து, அவன் பையில் ஆறு தமால்களை அடுக்கினாள்.

"திரும்பி வந்து நான் வாங்கித் தர்றேம்மா," என்றான்.

"வந்தாப் போதும்டா," என்றாள் அவள்.

எலோதியா தொலூகா நகருக்கு மேற்கே, நெவாதோ மலையடிவாரத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, முன்னறையில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளுக்கு ஜிப் மாற்றியே வயதானவள். கணவன் செவெரோ மினிபஸ் ஓட்டினான். மகன் போன மறு வருஷம் செவெரோவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனைக் குளிப்பாட்டுவது அவள் வேலையாயிற்று. வெந்நீர் முதுகில் பட்டால்தான் மரத்துப்போன கை கொஞ்சம் இளகும். குளறுகிற வாயால் அப்போதுதான் பழைய பஸ் கதைகளைச் சொல்வான்.

அன்செல்மோ பணம் அனுப்ப ஆரம்பித்ததும் சமையலறைக் கூரைக்கு மேலே அவனுக்காக ஓர் அறை எழும்பியது. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: படுத்திருந்தபடியே மலையைப் பார்க்கிற மாதிரி ஓர் அகல ஜன்னல். கொத்தனார் நன்றாகவே வைத்துக் கொடுத்தார். எலோதியா ஞாயிறுதோறும் அந்த அறையைப் பெருக்கி, ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து, படம் எடுத்து அனுப்புவாள். அறை இருக்கிறவரை மகன் திரும்புவான் என்பது அவள் கணக்கு. யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

அறை முடிந்த அந்தக் குளிர்காலத்தில்தான் பாய்லர் மக்கர் பண்ணத் தொடங்கியது. பின்கட்டில், சமையலறைச் சுவரோரம் நிற்கிற கேஸ் பாய்லர். குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டு தீக்குச்சி காட்டினால் அடியில் சின்னத் தீ பற்றும். ஒரு 'மரியே வாழ்க' சொல்லி முடிக்கிறவரை குமிழை விடக்கூடாது என்பது அவள் மாமியார் காலத்து அளவு. இப்போது மூன்று முறை சொன்னாலும் சாயங்காலக் காற்றில் தீ போய்விடுகிறது. தன் விரலில்தான் வலு இல்லை என்று நினைத்தாள். பிறகு காற்றின் மேல் சந்தேகம் வந்து, தேர்தல் முடிந்ததும் கம்பத்திலிருந்து அவிழ்த்து வந்த, வேட்பாளர் முகம் போட்ட பேனரால் பாய்லரைச் சுற்றிக் கட்டினாள். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். தீ அதற்குள்ளும் திணறி மஞ்சளாகி அணைந்தது.

கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிற உபால்தோ வந்தார். முதல் வேலையாகப் பேனரைக் கிழித்து எறிந்தார்.

"இந்த ஆளு ஓட்டு வாங்கினது பத்தாதா, உங்க உயிரையும் வாங்கணுமா? புகை வெளிய போக வழியில்லன்னா ரெண்டு பேரும் தூங்கினபடியே போயிடுவீங்க, தோன்யா எலோதியா."

சிலிண்டரைப் பார்த்தார். கேஸ் இருந்தது. சின்னத் தீ வருகிற துவாரத்தை ஊசியால் குத்தி, சிலந்தி நூலை எடுத்தார். தீ நீலமாக எரிந்தது, சாயங்காலம் அணைந்தது. அடுத்த நாள் தீயின் பக்கத்திலிருக்கிற செப்புக் கம்பியை மாற்றினார். தீ அணைந்தால் அது குளிர்ந்து கேஸை அடைத்துவிடும். பழசாகிவிட்டால் தீ இருக்கும்போதே அடைத்துவிடும். புதுசு போட்டும் பலனில்லை.

"நான் ஜெபத்தை அவசரமா சொல்றேனோ?" என்று கேட்டாள் எலோதியா.

"ஜெபத்துல குறையில்ல."

மூன்றாம் நாள் காற்று வீசுகிற நேரமாகப் பார்த்து வந்து, அட்டைத்துண்டைக் கொளுத்தி பாய்லரின் தலைக்கருகே பிடித்தார். புகைபோக்கிக் குழாய்க்குள் ஏற வேண்டிய புகை கீழே இறங்கி அவர் முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டே மேலே பார்த்தார். தகரக் குழாய் முடிகிற இடத்துக்குமேல் அன்செல்மோவின் அறைச் சுவர் நின்றது. மலைக்காற்று அதில் மோதிக் குழாய்க்குள் இறங்குகிறது.

"தீயை அணைக்கிறது உங்க மகன் ரூம்தான்."

குழாயை அறைக்கூரைக்கு மேலே உயர்த்த வேண்டும். வளைத்தால் புகை ஏறாது. நேராகத்தான் போக வேண்டும். நேராக என்றால் ஜன்னலுக்கு நட்டநடுவே. பாய்லரை நகர்த்த அந்தக் குறுகிய பின்கட்டில் வேறு இடமும் இல்லை. எலோதியா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

யோசித்தபடியே குளிர்காலம் முழுவதும் அடுப்பில் வாளித் தண்ணீரைச் சுடவைத்துத் தூக்கினாள். ஒருநாள் வாசற்படியில் கால் தடுமாறி, வெந்நீர் அவள் பாதத்தில் கொட்டியது. அதற்கப்புறம் செவெரோ குளிக்க மறுத்தான்.

"நான் சுத்தமாத்தான் இருக்கேன், கெழவி. வேணும்னா மோந்து பாரு."

அவள் மோந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. மறுநாள் உபால்தோவை வரச்சொன்னாள்.

குழாய் ஏறியது. காற்று எவ்வளவு அடித்தாலும் தீ அசையாமல் நின்றது. செவெரோவின் பஸ் கதைகள் திரும்பின. அந்த ஞாயிறு வீடியோவில் அன்செல்மோ கேட்டான்: "என்னம்மா அது, ஜன்னல்ல?"

"பாய்லர் குழாய்டா. அப்பா குளிக்கணும்ல."

"சரிம்மா," என்றான். அதற்குப் பிறகு அறையைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. வாரம் ஒருமுறை வந்த அழைப்பு மாதம் ஒருமுறை ஆனது. பையன் கோவித்துக்கொண்டானா என்று செவெரோ கேட்டபோது, அவனுக்கு வேலை அதிகம் என்றாள். ஆனால் ஜன்னலை மறித்த அன்றே மகனை இழந்துவிட்டதாக அவள் முடிவு கட்டியிருந்தாள். கணவனின் முதுகில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். கை மட்டும் நிற்காது.

இரண்டு குளிர்காலம் கழித்து செவெரோ போய்ச் சேர்ந்தான். கையில் காகிதம் இல்லை, வந்தால் திரும்பிப் போக வழியில்லை என்று அன்செல்மோ அடக்கத்தை ஃபோனிலேயே பார்த்தான். அவளும் அவனைக் குறை சொல்லவில்லை. தனக்கு மட்டும் குளிக்கப் பாய்லரைப் பற்றவைப்பது வீண் என்று கேஸை மூடிவைத்தாள். மேலறையைப் பெருக்குவதையும் விட்டாள்.

அதற்கு வெகுகாலம் கழித்து, கிழிந்த பையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், ஃபோனில் மகனின் குரல்பதிவு வந்து விழுந்தது.

"அம்மா, அந்த ரூமை யாருக்காவது வாடகைக்கு விட்டுரு. நான் வரமாட்டேன். எனக்கு இங்க ஒரு பொண்ணு பொறந்து நடக்க ஆரம்பிச்சாச்சு. இதை எப்பவோ சொல்லியிருக்கணும். இங்கயே இருந்துடறதுன்னு நீ குழாய் வைக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன், சொல்லத்தான் வாய் வரல. அன்னிக்கு ஜன்னல்ல அந்தக் குழாயைப் பார்த்ததும், அம்மாவுக்கே புரிஞ்சுபோச்சு, இனிமே நான் சொல்ல வேண்டியதில்லன்னு நினைச்சேன். எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா."