ஆந்த பாக்க வந்தவங்களுக்கு மொளகாப் பொக

முகத்துவாரம் மணல் தூந்து, கடல் தண்ணி ஏரிக்கு வராம போயி, அப்பால மிஷின் வுட்டு தோண்டுனாங்க பாரு, அதுக்கு அடுத்த குளுருல தான் என் பங்காளி ஆந்த காட்டற வேலைய ஆரம்பிச்சான். பங்காளின்னா என் சித்தப்பன் புள்ள, என்ன வுட சின்னவன். அந்த வருஷம் எறால் சுத்தமா இல்ல. நண்டும் நோஞ்சானா தான் வந்துச்சி. சில பேரு பூநாரைய காட்டறேன்னு பழவேற்காட்டுல இருந்து போட்டுல ஆளுங்கள இட்டுக்கினு போனாங்க. இவன் பாத்தான், பகல்ல போட்டி சாஸ்தி, இருட்டுனப்புறம் யாரும் இல்லனு ஆந்தய புடிச்சிக்கினான்.

பொழுது சாஞ்சா மெட்ராஸ் ஆளுங்க காருல வந்து எறங்குவாங்க. இவன் கையில செவப்பா எரியற டார்ச்சு. "யாரும் பேசாதீங்க சார், காத குடுத்து கேளுங்க"ம்பான். சவுக்கு தோப்புல சின்ன ஆந்தய காட்டிட்டு, கடைசியா என் வூட்டாண்ட வருவான். அங்க இடி வுயுந்து தல போன மொட்டப் பன ஒண்ணு கீது. அது பொந்துல வெள்ள மூஞ்சி ஆந்த ஜோடி குந்தினு கீது. அது தான் அவனுக்கு பெரிய சரக்கு. "மகாலட்சுமி வாகனம்மா இது. பாத்துட்டு போனா வூட்டுக்கு நல்லது"ம்பான். வாசல்ல குந்திக்கினு நான் கேப்பேன். எனக்கு வயிறு எரியும்.

ஏன் எரியுதுனா, இதே பறவைய வெச்சி தான் அவன் என் பொண்ணு வாழ்க்கைய கெடுத்தான்.

ஆந்த காட்டற வேலைக்கெல்லாம் முந்தி, ஆரம்பாக்கத்துல இருந்து மாப்ள வூட்டுக்காரங்க தட்டு மாத்த வந்திருந்தாங்க. அன்னிக்கு நல்ல பச்ச நண்டா கெடச்சிருந்துச்சி, கை அகலம். நானே எறங்கி புடிச்சது. கொயம்பு வெச்சி போட்டோம். மாப்ளயோட அம்மா ரெண்டாந்தரம் கேட்டு வாங்கி ஊத்திக்கினாங்க. விளக்கு வெச்சி, தட்ட கையில எடுக்கறப்போ பன மேல ஆந்த அலறுச்சி. அது அலறாம பாட்டா பாடும்? என் பங்காளி எல்லாருக்கும் நடுவுல குந்திக்கினு, "இந்த வூட்ல ஒரு கேடு கீது. பொண்ண இட்டுக்கினு போனா அதுவும் கூடவே வரும். மொதல்ல அடுப்புல உப்பும் மொளகாயும் போட்டு அத்த தொரத்துங்க"ன்னான். அந்தம்மா தட்ட கீழ வெச்சிட்டாங்க. நண்டு கொயம்ப ஒரு சொட்டு வுடாம துன்னுட்டு தான் வெச்சாங்க, அத்தயும் சொல்லிடறேன்.

கொஞ்ச நாள்ல அதே மாப்ளைக்கு தன் பொண்ண குடுத்தான். அப்ப தான் எனக்கு வெளங்குச்சி.

என் பொண்ணுக்கு அப்பால ஒண்ணும் அமையல. எறா உரிக்கற கம்பெனிக்கு வேன்ல போய்ட்டு வருது. ஊர்ல அதுக்கு பேரு ஆந்த கூப்ட்ட பொண்ணு. நல்ல காரியம்னா ஆரத்தி தட்ட தொட வுடமாட்டாங்க. இப்ப அந்த பாவி வந்து, என் மரத்தாண்டயே நின்னு, லட்சுமின்றான்!

ஒரு நாளு பெரிய கூட்டமா வந்துச்சி. ஆந்த அலறுச்சி. நான் எழுந்து போயி, வெளி அடுப்புல கை நெறய உப்பும் காஞ்ச மொளகாயும் போட்டு விசிறுனேன். எல்லாரும் இருமறாங்க, தும்மறாங்க. ஆந்த ஏரிப் பக்கம் பறந்துச்சி.

"யோவ் அண்ணே, இன்னா பண்ற?"னு ஓடியாந்தான்.

"நீ தானேடா சொன்ன. அலறுனா கேடு, மொளகா போட்டு தொரத்துனு. தொரத்தறேன்."

"அது அந்த காலம்ணே."

"எந்த காலம்? பன அதே பன. வாயும் உன் வாயி தான்."

கண்ண தொடச்சிக்கினு ஒரு மெட்ராஸ் அம்மா, "என்ன தாத்தா விஷயம்?"னாங்க. எல்லாத்தயும் சொன்னேன். அந்த மாப்ள தான் அவங்களுக்கு குந்த ஸ்டூலு தூக்கிக்கினு பின்னால நின்னான். அவன் தல கவுந்துச்சி. சோக்கா இருந்துச்சி எனக்கு. மெய்யாலுமே பாயாசம் குடிச்ச மாதிரி.

வூட்ல என் பொண்ணு தான் திட்டுச்சி. "நைனா, பொந்துல குஞ்சு கீது. அதுங்க இன்னா பாவம் பண்ணுச்சி? பொக போடணும்னா அவரு மூஞ்சிக்கு போடு." நியாயம் தானே? அடுப்ப எட்டத் தள்ளி, காத்து பாத்து, அவனுங்க நிக்கற பாதைக்கு நேரா வெச்சேன். ஆந்த பொந்துலயே இருந்துச்சி. இவன் கூட்டம் தான் நிக்க முடியாம ஓடுச்சி, ஒவ்வொரு வாட்டியும்.

ஒரு காலையில கெழங்கா மீன எடுத்துக்கினு வந்தான். "இன்னா தான்ணே வோணும் உனக்கு?"

"பாடு பிரிக்க ஊரு கூடும் இல்ல, யாரு எந்த எடத்துல வல போடறதுனு பேச. அங்க சொல்லு. அன்னிக்கு நீ சொன்னது பொய்யினு."

"ஊரு எதிர்லயா? மானம் போயிடும்ணே."

"அப்ப சரி. மொளகா நெறய காய வெச்சிக்கீறேன்."

மீன திருப்பி குடுத்துட்டேன். வர்ற கூட்டமும் நின்னு போயிடும்னு பயந்து, பாடு கூட்டத்துல எழுந்தான். ஏரிய பாத்துக்கினு ஏதோ முணுமுணுத்தான். நான் வுடல. "ஆந்தய கேக்கறவங்க மாதிரி எல்லாரும் கம்முனு கீறாங்க. சத்தமா சொல்லுடா"ன்னேன். கூட்டமே சிரிச்சிச்சி. அவன் மூஞ்சி செத்த மீனாட்டம் ஆயிடுச்சி. "எம் பொண்ணுக்கு அந்த மாப்ள வோணும்னு பொய் சொன்னேன். அண்ணன் பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல"னு தொண்ட கிழிய சொன்னான்.

சாயங்காலம் வேன்ல வந்து எறங்குன பொண்ணுகிட்ட சொன்னேன். "எல்லாரும் கேட்டாங்களா?"ன்னுச்சி. "கேட்டாங்க"ன்னேன். "ஆரம்பாக்கத்துல?"ன்னுச்சி.

அது தான் பாக்கி. அந்த மாப்ளயோட அம்மா இன்னும் என் பொண்ண பத்தி அங்க அதே கதைய தான் சொல்லிக்கினு கீது. நீ ரயில்ல அந்த பக்கமா போற ஆளு தானே? ஒரு வாட்டி எறங்கு. அந்தம்மா மீனு வாங்க வர்ற நேரமா பாத்து, நாலு பொம்பளைங்க பக்கத்துல நிக்கறப்போ, அவங்க சம்பந்தியே ஊரு எதிர்ல இன்னா சொன்னான்னு சொல்லு. மெதுவா சொல்லாத.